கியூஆர் சுகாதாரச் சான்றிதழ்களைச் சரிபார்ப்பது ஏன் இன்னும் கடினமாக இருக்கிறது? எதை மாற்றினால் எளிதாகும்?

நுண்குறி (இழையைத் தொடங்கியவர்)

பெருந்தொற்றுக் காலத்துத் தடுப்பூசிச் சான்றிதழ்களில் கியூஆர் குறியீடு இருந்தும், பல வாயில்களில் அதை ஸ்கேன் செய்யாமல் தாளைக் கண்ணால் பார்த்தே ஆட்களை உள்ளே விட்டார்கள். ஸ்கேன் செய்யப்படாத குறியீடு அச்சடித்த அலங்காரமாகவே நின்றுவிடுகிறது, ஏனெனில் தாளில் உள்ள எழுத்துகளை யார் வேண்டுமானாலும் மாற்றி அச்சிடலாம். இது இனியும் உயிருள்ள கேள்விதான். ஐரோப்பிய ஒன்றியத்தின் கோவிட் சான்றிதழ் விதிமுறை 2023 ஜூன் 30 அன்று காலாவதியானாலும், அதன் தொழில்நுட்பத்தை அடிப்படையாகக் கொண்டு உலக சுகாதார நிறுவனம் ஒரு உலகளாவிய சான்றிதழ் வலையமைப்பை நடத்தி வருகிறது. 2024இல் திருத்தப்பட்ட பன்னாட்டுச் சுகாதார விதிமுறைகள் டிஜிட்டல் வடிவச் சுகாதார ஆவணங்களுக்கு இடமளிக்கின்றன. அத்திருத்தங்கள் 2025 செப்டம்பர் 19 முதல் பெரும்பாலான உறுப்பு நாடுகளில் நடைமுறைக்கு வந்துள்ளன.

ஐரோப்பியச் சான்றிதழின் கட்டமைப்பைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பெயர், பிறந்த தேதி, தடுப்பூசி விவரம் ஆகியவை சிபார் என்னும் இரும வடிவில் அடக்கப்பட்டு, வழங்கும் நாட்டின் தனிச் சாவியால் (அந்நாடு மட்டும் வைத்திருக்கும் ரகசிய எண்) மின்னணு முறையில் கையொப்பமிடப்பட்டு, சுருக்கப்பட்டு, பேஸ்45 என்ற முறையில் எழுத்துகளாக மாற்றப்பட்டு, ‘எச்.சி.1’ (HC1) என்ற முன்னொட்டுடன் குறியீடாகின்றன. சரிபார்ப்பவரின் செயலி எல்லா நாடுகளின் பொதுச் சாவிகளையும், அதாவது கையொப்பத்தைச் சோதிக்க உதவும் வெளிப்படையான எண்களையும், முன்கூட்டியே இறக்கி வைத்திருப்பதால், ஸ்கேன் செய்யும் நேரத்தில் இணையம் தேவையில்லை. யார் எங்கே போனார் என்ற தகவலும் எந்தச் சேவையகத்துக்கும் போவதில்லை. 2021 ஜூலை 1 முதல் நடைமுறையிலிருந்த இம்முறையில் 230 கோடிக்கும் மேற்பட்ட சான்றிதழ்கள் வழங்கப்பட்டன. ஒன்றியத்துக்கு வெளியே 51 நாடுகளும் ஆட்புலங்களும் இணைந்தன.

என் கருத்து இதுதான்: கையொப்பக் கணிதம் தீர்ந்துபோன பிரச்சினை. சரிபார்ப்பைக் கடினமாக்குபவை அதைச் சுற்றியிருக்கும் எளிய விஷயங்கள், அதாவது குறியீட்டின் நெருக்கம், சாவிப் பட்டியல், பெயர் எழுதும் முறை, திரையில் தோன்றும் விடையின் சொற்கள். இவற்றைப் பற்றி, நேரடியாக இந்த வேலையைப் பார்த்தவர்கள் எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

முகப்பு_அலுவலர்

விமான நிலையப் பதிவு முகப்பில் பல ஆண்டுகள் பணியாற்றியவன் என்ற முறையில் எழுதுகிறேன். எங்களுக்கு முன்னால் நிற்கும் பயணி கையில் வைத்திருப்பது ஒரு குறியீடு. ஆனால் நாங்கள் விடை காண வேண்டிய கேள்விகள் மூன்று. இந்த ஆவணத்தை உண்மையிலேயே அந்த அரசு வழங்கியதா? இதில் உள்ள நபர் எதிரே நிற்பவர்தானா? இதில் உள்ள தடுப்பூசி, போகும் நாட்டின் விதிக்குப் போதுமானதா? ஸ்கேன் செய்யும் செயலிகள் பலவும் இந்த மூன்றையும் ஒரே பச்சைக் குறியாகவோ சிவப்புக் குறியாகவோ காட்டுகின்றன. சிவப்பு வந்தால், ஆவணம் போலியா, என் கைப்பேசியில் சாவிப் பட்டியல் புதுப்பிக்கப்படவில்லையா, தடுப்பூசி போட்டு நாளாகிவிட்டதா என்று எனக்குத் தெரியாது. குடும்பத்தோடு நிற்கும் ஒருவரிடம் உங்கள் சான்றிதழ் செல்லாது என்று சொல்வதற்கு முன்னால், எதனால் செல்லாது என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாதபோது அலுவலர்கள் செயலியை ஓரமாக வைத்துவிட்டுத் தாளைப் படிக்கத் தொடங்குகிறார்கள். ஸ்கேன் செய்யாமல் விட்டதற்கு அலட்சியம் மட்டும் காரணமில்லை.

வரிசையை நிறுத்துவதில் பெயருக்கும் பெரும்பங்கு உண்டு. நம் ஊர்ப் பயணியின் சான்றிதழில் தலைப்பெழுத்துடன் ஒரு பெயர் இருக்கும்; கடவுச்சீட்டில் அதே தலைப்பெழுத்து தந்தையின் முழுப்பெயராக விரிந்து குடும்பப்பெயர்ப் பகுதியில் இருக்கும். இருவரும் ஒருவரே என்பது தமிழ் அறிந்த எனக்கு உடனே விளங்கும். இடைவழி விமான நிலையத்தில் இருக்கும் வேற்று நாட்டு அலுவலருக்கு அது விளங்க வேண்டிய கட்டாயம் இல்லை.

திறவுகோல்

முகப்பு அலுவலர் அவர்கள் சொன்ன மூன்று கேள்விகளுக்கும் முன்னால் இன்னொரு கேள்வி இருக்கிறது: கேமராவால் அந்தக் குறியீட்டைப் படிக்க முடிகிறதா? இதற்கு ஒரு சிறு கணக்கே விடை தரும்.

கியூஆர் குறியீட்டில் 40 பதிப்புகள், அதாவது அளவுகள், உள்ளன. ஒவ்வொரு பதிப்புக்கும் பக்கத்துக்கு நான்கு கட்டங்கள் கூடுகின்றன. 22ஆம் பதிப்பில் பக்கத்துக்கு 105 கட்டங்கள், 40ஆம் பதிப்பில் 177. சுற்றிலும் விட வேண்டிய வெள்ளை ஓரம் நான்கு நான்கு கட்டங்கள். இதை நான்கு சென்டிமீட்டர் சதுரத்தில் அச்சிட்டால், 22ஆம் பதிப்பின் ஒரு கட்டம் ஏறத்தாழ 0.35 மில்லிமீட்டர், 40ஆம் பதிப்பில் அது 0.22 மில்லிமீட்டராகக் குறைகிறது. மை சற்றுப் பரவினாலோ, விலை குறைந்த கைப்பேசியின் கேமரா கிட்டத்தில் குவியம் பெறத் தடுமாறினாலோ, நெருக்கமான குறியீடுதான் முதலில் தோற்கும். எனவே, எவ்வளவு குறைவான பைட்டுகளை உள்ளே வைக்கிறோம் என்பதே சரிபார்ப்பு எளிமையின் முதல் படி.

ஐரோப்பிய வடிவமைப்பாளர்கள் இதைப் புரிந்துகொண்டு செயல்பட்டார்கள். அவர்கள் தேர்ந்த நீள்வட்ட வளைவு பி-256 என்ற கையொப்ப முறையில் கையொப்பம் 64 பைட்டுகள் மட்டுமே. ஆர்எஸ்ஏ என்ற பழைய முறையின் 2048 பிட் சாவியில் அது 256 பைட்டுகள். கியூஆரின் எண்ணெழுத்து முறைமை சரியாக 45 எழுத்துகளை ஏற்கும். இரண்டு எழுத்துகளை 11 பிட்டுகளில் அடைக்கும். பேஸ்45 இரண்டு பைட்டுகளை மூன்று எழுத்துகளாக்குவதால், 16 பிட்டுத் தகவல் 16.5 பிட்டுகளில் அடங்கிவிடுகிறது. வழக்கமான பேஸ்64ஐப் பைட்டு முறைமையில் வைத்திருந்தால் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகச் செலவாகியிருக்கும். இதே பேஸ்45 பின்னர் 2022இல் ஆர்எஃப்சி 9285 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணமாக வெளியானது. இப்படிச் சேமித்த இடத்தைப் பிழைதிருத்தத்துக்குக் கொடுத்தார்கள்: குறியீட்டில் கால் பங்கு வரை சிதைந்தாலும் மீட்கக்கூடிய நிலை பரிந்துரைக்கப்பட்டது.

இந்தியாவின் கோவின் சான்றிதழ் வேறு வழியில் போனது. டைவோக் என்ற திறமூல மென்பொருளில், படிப்பதற்குத் தெளிவான ஜேசன்-எல்டி என்னும் எழுத்துவழித் தரவு வடிவில் முழு விவரங்களையும் எழுதி, ஆர்எஸ்ஏ கையொப்பத்தையும் சேர்த்து, ஜிப் கோப்பாகச் சுருக்கிக் குறியீட்டில் வைத்தார்கள். பரந்த நாட்டுக்கு மிகக் குறுகிய காலத்தில் கையொப்பமிட்ட சான்றிதழைக் கொண்டுசேர்த்தது பெரிய சாதனை, அதை மதிக்கிறேன். ஆயினும் குறியீடு மிக நெருக்கமாகிவிட்டது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

தென்மராட்சி

இலங்கையிலும் டைவோக் மென்பொருளைக் கொண்டே வெளிநாடு செல்வோருக்கான தடுப்பூசிச் சான்றிதழ் உருவாக்கப்பட்டது. பிலிப்பைன்சும் அதைப் பயன்படுத்தியது. ஒரே மென்பொருள் என்பதால் ஒரு நாட்டுச் சான்றிதழை மற்ற நாட்டின் செயலி தானாகவே ஏற்கும் என்று பலர் எண்ணினார்கள். அவ்வாறு நடக்காது. ஒவ்வொரு நாட்டின் பொதுச் சாவியும் வேறு. அந்தச் சாவி உண்மையிலேயே அந்த நாட்டுச் சுகாதார அமைச்சினுடையது என்று உறுதிசொல்ல ஒருவர் வேண்டும்.

எனக்கு ஒரு கேள்வி உண்டு. இத்தனை சிக்கல் எதற்கு? குறியீட்டுக்குள் ஓர் இணைய முகவரியை மட்டும் வைத்துவிட்டால், குறியீடு மிகச் சிறிதாகும். எந்தக் கைப்பேசியின் கேமராவும் அதைப் படிக்கும். தனிச் செயலி தேவைப்படாது. திறக்கும் பக்கத்தில் அமைச்சின் விடை தெரியும். சாதாரண அலுவலருக்கு இதைவிட எளிதான வழி உண்டா?

திறவுகோல்

தென்மராட்சி அவர்களின் கேள்வி நியாயமானது, பல நிறுவனங்கள் இந்த வழியைத் தேர்ந்தெடுக்கவும் செய்கின்றன. ஆனால் அதில் சரிபார்ப்பவர் நம்புவது எதை என்று பாருங்கள். ஸ்கேன் செய்ததும் ஒரு பக்கம் திறக்கிறது, அதில் அரசு முத்திரையும் பச்சைக் குறியும் தெரிகின்றன. அந்தப் பக்கத்தின் முகவரியைக் கொடுத்தது யார்? சான்றிதழை நீட்டிய அதே நபர்தான். அமைச்சின் முகவரியோடு ஓரெழுத்து மட்டும் வேறுபடும் தளத்தை உருவாக்குவது போலிச் சான்றிதழ் விற்பவருக்குக் கடினமான வேலையன்று. வரிசையில் நூறு பேர் நிற்கும்போது முகவரிப் பட்டையை எழுத்தெழுத்தாக யாரும் படிக்கமாட்டார்கள்.

மேலும், ஒவ்வொரு ஸ்கேனும் வழங்குநரின் சேவையகத்தைத் தொடுவதால், இன்னார் இந்த நேரத்தில் இந்த இடத்தில் இருந்தார் என்ற பதிவேடு உருவாகிறது. யாரும் அதைத் திட்டமிடாவிட்டாலும் அது உருவாகிவிடும். இணையம் இல்லாத எல்லைச் சாவடியில் வேலையும் நின்றுவிடும்.

அமெரிக்காவிலும் கனடாவிலும் பரவிய ஸ்மார்ட் ஹெல்த் கார்டு இடைப்பட்ட வழியொன்றைக் காட்டியது. அதிலும் ஒரு முகவரி உண்டு; ஆனால் அது வழங்குநரின் பொதுச் சாவி இருக்கும் இடத்தின் முகவரி, பயணியின் விவரம் இருக்கும் இடத்தின் முகவரி அன்று. அந்த முகவரி, சரிபார்க்கும் செயலி முன்பே ஏற்றுக்கொண்ட வழங்குநர் பட்டியலில் இருந்தால் மட்டுமே செயலி அதை நம்பும். ஆக, எந்த வழியில் சுற்றிவந்தாலும், யாரை நம்புவது என்ற பட்டியலைப் பேணும் பொறுப்பிலேயே வந்து நிற்கிறோம். ஐரோப்பாவில் அந்தப் பொறுப்பு ஒன்றியத்தின் ஆணையம் நடத்திய நுழைவாயிலிடம் இருந்தது. இன்றைய உலகளாவிய வலையமைப்பில் உலக சுகாதார நிறுவனம் பங்கேற்கும் நாடுகளின் பொதுச் சாவிகளை மட்டும் சேர்த்து வெளியிடுகிறது. தனிநபர் தகவல் எதுவும் அதனிடம் செல்வதில்லை.

தென்மராட்சி

விளக்கத்துக்கு நன்றி. அப்படியானால் நாடுகள் முதலில் செய்ய வேண்டியது அந்த வலையமைப்பில் சாவியைப் பதிவது என்று விளங்கிக்கொள்கிறேன். செயலியை அழகுபடுத்துவதெல்லாம் அதன் பிறகுதான்.

ஊசிக்கூடம்

நான் தடுப்பூசி மையத்தில் பணிபுரியும் செவிலியர். நீங்கள் எல்லோரும் சரிபார்ப்பவரின் பக்கத்திலிருந்து பேசுகிறீர்கள். வழங்கும் மேசையைப் பற்றியும் பேச வேண்டும். அங்கே தவறு நுழைந்துவிட்டால், கையொப்பம் அந்தத் தவறுக்கே உறுதிமொழி கொடுத்துவிடுகிறது.

2021 அக்டோபர் இறுதியில் அடால்ஃப் ஹிட்லர் என்ற பெயரில் ஓர் ஐரோப்பியச் சான்றிதழ் இணையத்தில் பரவியதும், செயலிகள் அதைச் செல்லுபடியாகும் என்று காட்டியதும் பலருக்கு நினைவிருக்கும். மிக்கி மவுஸ் பெயரிலும் ஒன்று வந்தது. சாவி திருடப்பட்டுவிட்டது என்று முதலில் அச்சம் எழுந்தது; சாவிகள் கசியவில்லை என்று பின்னர் விளக்கப்பட்டது. சான்றிதழ் வழங்கும் அமைப்பை நுழையக் கூடாதவர்கள் பயன்படுத்தியதே காரணம். கணிதம் அதன் வேலையைச் சரியாகச் செய்தது. கதவைத் திறந்து வைத்தவர்கள் மனிதர்கள். ஆகவே வழங்கும் மேசையில் ஒவ்வொரு ஊழியருக்கும் தனிக் கணக்கு இருக்க வேண்டும். ஒரே கடவுச்சொல்லை ஆளுக்கு ஆள் சொல்லிக்கொள்ளும் வழக்கம் நிற்க வேண்டும். வேலைப்பளுவால்தான் அந்த வழக்கம் வருகிறது என்பதை உடன் பணிபுரிபவள் என்ற முறையில் அறிவேன். எனவே ஊழியரைக் கண்டிப்பதால் மட்டும் அது நிற்காது. உள்நுழைவதை எளிதாக்கினால்தான் நிற்கும்.

முகப்பு அலுவலர் ஐயா சொன்ன பெயர்ச் சிக்கலும் எங்கள் மேசையில்தான் தொடங்குகிறது. ஒருவர் ஆதாரைக் காட்டுகிறார். அதில் உள்ளபடி பதிகிறோம். ஆறு மாதம் கழித்து அவருக்கு வெளிநாட்டில் வேலை கிடைக்கும்போது, கடவுச்சீட்டில் வேறு எழுத்துக்கூட்டல் இருக்கிறது. வெளிநாடு செல்லவே ஒருவர் தடுப்பூசிக்கு வந்தால், கடவுச்சீட்டின் அடியில் இருக்கும், ஒவ்வொன்றும் 44 எழுத்துகள் கொண்ட அந்த இரண்டு வரிகளைக் கேமராவால் படித்து, பெயரையும் பிறந்த தேதியையும் அங்கிருந்தே எடுக்க வேண்டும். கையால் தட்டச்சு செய்வதை அறவே தவிர்க்கலாம். ஐரோப்பியச் சான்றிதழில் உள்ளூர் எழுத்துப் பெயருடன், கடவுச்சீட்டில் வரும் ரோமன் எழுத்து வடிவத்துக்கும் தனி இடம் வைத்திருந்தார்கள் என்று படித்தேன். நமக்கும் அது மிகவும் தேவை.

முகப்பு_அலுவலர்

செவிலியர் அம்மா சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். பிறந்த தேதி பற்றியும் ஒன்று சேர்க்கிறேன். 2021 செப்டம்பரில் பிரிட்டன் கோவிஷீல்டு தடுப்பூசியை ஏற்றுக்கொண்டும், இந்தியச் சான்றிதழை ஏற்காமல் இருந்தது. அந்தச் சமயத்தில்தான் வெளிநாடு செல்வோருக்கான கோவின் சான்றிதழில் முழுப் பிறந்த தேதி சேர்க்கப்பட்டது. அக்டோபர் 11 முதல் இந்தியாவிலிருந்து முழுமையாகத் தடுப்பூசி போட்டுச் சென்றவர்களுக்கு அங்கே தனிமைப்படுத்தல் நீக்கப்பட்டது. ஒரு சான்றிதழில் எந்த விவரம் இருக்க வேண்டும் என்பதை, அதைப் படிக்கப்போகிறவரோடு முன்கூட்டியே பேசி முடிவு செய்திருந்தால் எத்தனையோ மாணவர்களின் மன உளைச்சல் குறைந்திருக்கும்.

விதிகளைப் பொறுத்தவரை, 2022 பிப்ரவரி 1 முதல் ஐரோப்பிய ஒன்றியம் பயணத்துக்கு முதல்நிலைத் தடுப்பூசியின் (ஊக்கத் தவணை சேராதது) செல்லுபடிக்காலத்தை 270 நாட்கள் என்று வரையறுத்தது. முந்தைய நாள் பச்சை காட்டிய அதே தாள் அன்று சிவப்பு காட்டக்கூடும். தாளில் மாற்றமில்லை, கையொப்பத்தில் மாற்றமில்லை. விதி மட்டும் மாறியிருக்கிறது. செயலி இதை முழு வாக்கியமாகச் சொல்ல வேண்டும் என்பதே என் வேண்டுகோள். ‘ஆவணம் உண்மையானது, ஆனால் இந்த நாட்டின் கால வரம்பு கடந்துவிட்டது’ என்று திரையில் வந்தால், நானும் பயணியிடம் அதையே சொல்வேன். ‘இந்த நாட்டின் சாவி என்னிடம் இல்லை’ என்று வந்தால், பட்டியலைப் புதுப்பித்துவிட்டு மீண்டும் முயல்வேன். கைப்பேசியின் கடிகாரம் தவறாக இருப்பதால் நல்ல சான்றிதழ் காலாவதியானதாகத் தோன்றுவதும் உண்டு. அதையும் செயலியே கவனித்து எச்சரிக்கலாம்.

திறவுகோல்

ஓர் எச்சரிக்கை. காரணத்தைச் சொல்லும் திரையை எல்லோருக்கும் கொடுக்கக் கூடாது. உணவக வாயிலில் நிற்பவருக்கு எந்தத் தடுப்பூசி, எப்போது போட்டார், தொற்றிலிருந்து மீண்டவரா என்ற விவரங்கள் தேவையில்லை. இத்தாலியின் வெரிஃபிக்கா சி19 செயலி பெயர், பிறந்த தேதி, செல்லுமா செல்லாதா என்ற விடை ஆகியவற்றோடு நிறுத்திக்கொண்டது; அது சரியான கட்டுப்பாடு. சுவிட்சர்லாந்து இன்னொரு படி மேலே போய், மருத்துவ விவரமே இல்லாத, குறுகிய காலம் மட்டும் செல்லும் ‘லைட்’ சான்றிதழை உள்நாட்டுப் பயன்பாட்டுக்குக் கொடுத்தது. குறியீட்டுக்குள் இருப்பது மறையாக்கம் செய்யப்பட்ட தகவல் அன்று, கையொப்பமிட்ட தகவல் மட்டுமே. படம் பிடித்த எவரும் அதை அவிழ்த்துப் படிக்கலாம். 2021 செப்டம்பரில் பிரான்சு அதிபர் மக்ரோனின் குறியீடே இணையத்தில் பரவியது. ஆகையால் காரணம் காட்டும் விரிவான திரை எல்லைப் பணியாளருக்கும் விமான நிறுவன அலுவலருக்கும் மட்டும் என்று வரையறுக்கலாம்.

நுண்குறி

எல்லோருடைய பதிவுகளையும் வைத்துக்கொண்டு, தொடங்குவதற்கு ஏற்ற இடமாக ஒன்றை முன்வைக்கிறேன்: மஞ்சள் காய்ச்சல் சான்றிதழ். சென்னையிலிருந்து ஆப்பிரிக்க நாடுகளுக்கு வேலைக்கும் வணிகத்துக்கும் செல்லும் நம்மவர்கள் கிண்டி கிங் ஆய்வகத்திலும் துறைமுகச் சுகாதார அலுவலகத்திலும் இந்த ஊசியைப் போட்டுக்கொண்டு, முத்திரை குத்திய மஞ்சள் புத்தகத்தோடு புறப்படுகிறார்கள். அந்த முத்திரை உண்மையானதா என்று வேறொரு நாட்டு முகப்பில் இருப்பவர் அறிய எளிய வழி இல்லை. திரும்பி வரும்போது நோய்ப் பகுதியிலிருந்து வருபவரிடம் செல்லுபடியாகும் சான்றிதழ் இல்லையென்றால், இந்தியாவில் ஆறு நாட்கள் வரை தனிமைப்படுத்தப்படலாம்.

இதன் விதி கோவிட் விதிகளைப் போல மாதத்துக்கு மாதம் மாறுவதில்லை. ஊசி போட்ட பத்தாம் நாளிலிருந்து செல்லும்; 2016 ஜூலை 11 முதல் ஆயுள் முழுவதற்கும் செல்லும். இயந்திரம் கணக்கிடுவதற்கு இதைவிட எளிய விதி கிடைக்காது. உள்ளே வைக்க வேண்டிய விவரமும் மிகக் குறைவு: பெயர், பிறந்த தேதி, ஆவண எண், தடுப்பூசி, தொகுதி எண், தேதி, மையம். திறவுகோல் அவர்கள் காட்டிய கணக்குப்படி, இது 22ஆம் பதிப்புக்கும் கீழேயே அடங்கிவிடும்.

ஆயுள் முழுவதும் செல்லும் ஆவணத்தில் வேறொரு சிக்கல் உண்டு, அதை இப்போதே பேசிவிட வேண்டும். கையொப்பமிட்ட சாவி சில ஆண்டுகளில் ஓய்வுபெறும். தாள் முப்பது ஆண்டுகள் இருக்கும். ஓய்வுபெற்ற சாவியின் பொதுப்பகுதியைப் பட்டியலிலிருந்து நீக்கினால், பழைய நல்ல சான்றிதழ்கள் அனைத்தும் ஒரே நாளில் செல்லாமற்போகும். நீக்காவிட்டால், அந்தச் சாவி பின்னர் திருடப்படும்போது பழைய தேதியிட்ட போலிகள் உருவாகும். எனக்குச் சரியாகப் படுவது, சான்றிதழை உரியவர் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிய சாவியால் மறுபடி வழங்கப் பெறும் ஏற்பாடு. கிங் ஆய்வகத்துக்கு மீண்டும் நேரில் வர வேண்டியதில்லாமல், பழைய பதிவைக் கொண்டே இதைச் செய்ய முடிய வேண்டும்.

தென்மராட்சி

கைப்பேசி இல்லாத முதியவர்கள் நிலை என்ன? மறுபடி வழங்கப்படும் ஒவ்வொரு முறையும் அவர்கள் யாரையாவது நாட வேண்டியிருக்குமே.

ஊசிக்கூடம்

மஞ்சள் புத்தகத்தை ஒழிக்க வேண்டாம். அதன் பக்கத்தில் ஒட்டக்கூடிய சிறு தாளில் குறியீட்டை அச்சிட்டுக் கொடுத்தால் போதும். மறுவழங்கலின்போது புதிய தாளை அஞ்சலில் அனுப்பலாம். ஒட்டும் இடத்தையும் கவனிக்க வேண்டும். ஏ4 சான்றிதழை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. மடிப்பு குறியீட்டின் நடுவே போனால் சில மாதங்களில் அந்தக் கோடு வெளுத்துவிடும். பளபளக்கும் லேமினேஷன் உறை போட்டுக்கொண்டு வருகிறவர்களிடம், மேலே விளக்கு விழுந்தால் கேமரா படிக்காது என்று நாங்கள் சொல்லி அனுப்பலாம்.

முகப்பு_அலுவலர்

இந்த யோசனை யாரிடமாவது போய்ச் சேருமானால், எங்கள் தரப்பிலிருந்து ஒன்றைக் கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள். ஐரோப்பாவில் ஒவ்வொரு நாடும் தன் மாதிரிக் குறியீடுகளை எல்லோரும் எடுத்துச் சோதிக்கும்படி பொதுவெளியில் வைத்திருந்தது. இங்கும் அப்படி வைக்கும்போது, நல்ல மாதிரிகளை மட்டும் வைக்காதீர்கள். பத்து நாட்கள் நிறைவடையாதது, ஓர் எழுத்து திருத்தப்பட்டது, தெரியாத சாவியால் கையொப்பமிட்டது, திரும்பப் பெறப்பட்டது என்று தவறான மாதிரிகளையும் வையுங்கள். அவற்றை அச்சிட்டு முகப்பில் வைத்துக்கொண்டு, புதிதாக வரும் அலுவலர்களைப் பயணி யாரும் இல்லாத நேரத்தில் ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்ய வைப்பேன். சிவப்பு வரும்போது என்ன சொல்ல வேண்டும் என்பதை அவர்கள் அங்கேயே பழகிக்கொள்ள முடியும்.